விமானம் பயில்வோரின் உடலுறுதியும் மனக்கலக்கமும்

திருப்பதி மாவட்டத்தின் தென் எல்லையில், ஆரணியாற்றங்கரையில் பிச்சாட்டூர் என்றோர் ஊர் உளது. 2022ஆம் ஆண்டில் புதிய மாவட்டம் பிரியும் வரை அது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே அணையில் தேங்கும் ஆற்றுநீர் பின்னர் தமிழ்நாட்டுக்குள் ஓடிப் பழவேற்காட்டுப் பக்கம் கடலை அடைகிறது. ஆற்றைப் போலவே அவ்வட்டாரத்து மக்களின் பேச்சும் எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. தமிழும் தெலுங்கும் அங்கே ஒரே திண்ணையில் புழங்குகின்றன.

இவ்வூரிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால், தென்கிழக்கே நூறு கிலோமீட்டருக்குள் தாம்பரம். வடகிழக்கே அதே அளவுக்குள் ஸ்ரீஹரிகோட்டா. மேற்கே சற்றுத் தொலைவில் பெங்களூர். விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி தாம்பரத்தில் இருக்கிறது. விமானிகளின் உடலையும் உள்ளத்தையும் ஆராயும் மருத்துவ நிலையம் பெங்களூரில் இருக்கிறது. விண்வெளிக்கு மனிதரை அனுப்பும் முயற்சி ஸ்ரீஹரிகோட்டாவைச் சார்ந்து நிற்கிறது. ஆகவே பிச்சாட்டூரிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வானம் அவ்வளவு தொலைவான பொருளன்று. டில்லி, மும்பை, கல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் நம்மவரின் பிள்ளைகளும் விமானப்படைத் தேர்வுக்கு விண்ணப்பம் செய்கிறார்கள்.

அவ்வாறு செல்லும் இளைஞனை இரண்டு கேள்விகள் எதிர்கொள்கின்றன. உன் உடல் இதற்குத் தாங்குமா என்பது ஒன்று. அச்சம் வந்தால் என்ன செய்வாய் என்பது மற்றொன்று. முதற் கேள்வியை வீட்டார் அனைவரும் வாய்விட்டுக் கேட்கிறார்கள். பாலும் முட்டையும் கொடுத்து, விடியற்காலையில் எழுப்பி ஓடவும் வைக்கிறார்கள். இரண்டாவது கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. படைக்குப் போகிறவனிடம் அச்சத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. ஆனால் இவ்விரு கேள்விகளும் ஒன்றை ஒன்று பிரியாதவை என்பதே விமானப் பயிற்சியின் நூறாண்டு வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம். அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

முதல் உலகப் போரின் காலத்திலிருந்து தொடங்குவோம். கல்கத்தாவில் 1898ஆம் ஆண்டில் பிறந்த இந்திர லால் ராய், இங்கிலாந்தில் கல்வி பயின்றுகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் விமானப் படையில் சேர விரும்பினார். கண்பார்வை போதாது என்று மருத்துவர்கள் அவரைத் தள்ளிவிட்டனர். அவர் தம்முடைய மோட்டார் சைக்கிளை விற்று, புகழ்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறுமுறை பரிசோதனை செய்துகொண்டார் என்றும், அதன் பயனாக முதல் தீர்ப்பு மாற்றப்பட்டது என்றும் அவருடைய வரலாறு கூறுகிறது. 1917ஆம் ஆண்டில் அவர் விமானியானார். அவ்வாண்டிலேயே விபத்தொன்றில் காயமுற்று, பறக்கத் தகாதவர் என்று ஒதுக்கப்பட்டார். மீண்டும் போராடி அனுமதி பெற்றார். 1918ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இரண்டு வாரங்களுக்குள் பத்து விமானப் போர் வெற்றிகளைப் பெற்ற அவர், அம்மாதம் 22ஆம் தேதி வானிலேயே வீழ்ந்துபட்டார். அப்போது அவருக்கு வயது 19.

அவருடைய வீரம் போற்றற்குரியது. எனினும், அக்காலத்துத் தேர்வுமுறையைப் பற்றி அவருடைய கதை சொல்லும் உண்மையையும் நாம் கவனிக்க வேண்டும். மருத்துவர்கள் கண்ணையும் மார்பையும் கைகால்களையும் சோதித்தனர். விமானம் கட்டுக்கு அடங்காமல் சுழலும்போது அவ்விளைஞனின் உள்ளத்தில் என்ன நிகழும் என்பதைச் சோதிக்கும் வழியை எவரும் அறியார். கற்பித்தவர்களோ, பெரும்பாலும் போர்முனையிலிருந்து களைத்துத் திரும்பிய விமானிகள். எந்நேரமும் தங்கள் உயிருக்கு உலைவைக்கக் கூடியவர்கள் என்ற பொருளில், மாணவர்களைப் பகைவர்களுக்குரிய பட்டப்பெயராலேயே அவர்கள் அழைத்தனர். அச்சம் மாணவனிடம் மட்டும் இருக்கவில்லை, ஆசிரியரிடமும் இருந்தது. ஆபத்தான அசைவுகளைக் கற்பிக்காமல் தவிர்ப்பதே பாதுகாப்பு என்று எண்ணினர். அதனால், பின்னர் தனியே பறக்கும்போது அத்தகைய நிலையில் சிக்கிய மாணவன் செய்வதறியாது மாண்டான்.

இந்நிலையை மாற்றியவர் ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற ஆங்கில அதிகாரி. தென் இங்கிலாந்தில் காஸ்போர்ட் என்னுமிடத்தில் 1917ஆம் ஆண்டில் அவர் ஒரு புதிய முறையை நிலைநாட்டினார். இருவர் அமர்ந்து இருவருமே ஓட்டக்கூடிய ஏவ்ரோ 504 விமானத்தில் மாணவனை விமானியின் இருக்கையிலேயே அமர்த்தினார். ஆசிரியரின் குரல் இரைச்சலைத் தாண்டி மாணவனின் காதில் விழும்படி ஒரு பேச்சுக்குழாயைப் பொருத்தினார். எந்த நிலையைக் கண்டு மாணவன் அஞ்சினானோ, அந்நிலைக்கே அவனை ஆசிரியருடன் அழைத்துச் சென்று, அதிலிருந்து மீளும் வழியை மீண்டும் மீண்டும் பழக்கினார். அதே ஆண்டில் லிண்டமன் என்னும் விஞ்ஞானி விமானத்தை வேண்டுமென்றே சுழலவிட்டு, அச்சுழற்சியின் இயல்பைக் கருவிகளால் அளந்தார். காரணம் தெரியாதவரை மரணக் குழியாகத் தோன்றிய சுழற்சி, காரணம் தெரிந்தபின் வகுப்பறைப் பாடமாகிவிட்டது. ஸ்மித்-பாரி மாணவனை நோக்கி அஞ்சாதே என்று சொல்லவில்லை. அஞ்சும் பொருளை அவனுக்கு அறிமுகம் செய்துவைத்தார். இவ்வேறுபாடு மிகவும் முக்கியமானது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்திய விமானப்படை 1932ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி சட்டப்படி தோன்றியது. அதற்கென்று ஆறு இந்திய இளைஞர்கள் இங்கிலாந்தில் கிரான்வெல் கல்லூரியில் பயின்றனர். 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி கராச்சிக்கு அருகே டிரிக் ரோடு என்னுமிடத்தில் முதல் பிரிவு அமைந்தபோது, அவர்களுள் ஐவரே விமானிகளாக நின்றனர். பிற்காலத்தில் விமானப்படையின் முதல் இந்தியத் தலைவரான சுப்ரதோ முகர்ஜி அந்த ஐவருள் ஒருவர். ஆறாமவரான டாண்டன், உயரம் குறைந்தவர் என்ற காரணத்தால் விமானம் ஓட்டும் பணியிலிருந்து விலகித் தளவாடப் பிரிவுக்குச் சென்றார். படையை விட்டுச் செல்லவில்லை. படையின் வேறொரு தூணாக நின்றார்.

உயரம் குறைவது குற்றமன்று. ஆனால் விமானத்தின் மிதிகள் கால் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். அபாயக் காலத்தில் இருக்கையோடு வெளியே தூக்கியெறியப்படும்போது, நீண்ட தொடை முன்னுள்ள பலகையில் மோதக் கூடாது. இதனாலேயே விமானிகளுக்கான அறிவிப்புகளில் 162.5 சென்டிமீட்டர் உயரம், 99 முதல் 120 சென்டிமீட்டர் வரை கால் நீளம், 64 சென்டிமீட்டருக்கு மேற்படாத தொடை நீளம் என்று அளவுகள் குறிக்கப்பட்டு வந்துள்ளன. நெட்டையும் இங்கே தடை, குட்டையும் தடை. மத்திய அரசின் ஆவணங்களைத் தமிழாக்கும் பணியிலுள்ள நாம் இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். மருத்துவச் சீட்டில் வரும் ஓர் ஆங்கிலச் சொல்லைத் ‘தகுதியற்றவர்’ என்று தமிழில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அச்சொல் மனிதனின் முழு மதிப்பையும் சுட்டுவதுபோல் ஒலிக்கிறது. உண்மையில் அது குறிப்பது ஓர் உடலுக்கும் ஓர் யந்திரத்துக்கும் உள்ள பொருத்தத்தை மட்டுமே. ‘இப்பணிக்குப் பொருந்தாதவர்’ என்று எழுதினால் கண்ணீர் சிறிது குறையும்.

சொல்லால் விளையும் தீங்குக்கு இரண்டாம் உலகப் போரிலிருந்து இன்னும் கொடிய எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. 1940ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் விமானப்படை, பறக்க இயலாது என்று சொன்ன விமானிகளைக் குறிக்க ஒரு முத்திரையை ஏற்படுத்தியது. ‘உள்ளுரம் இல்லாதவர்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். விமானத்தில் செல்வோர் அனைவரும் தாமாக முன்வந்தவர்கள். அவர்களுள் ஒருவன் கலங்கி நின்றால், மருத்துவக் காரணம் காணப்படாவிடில், இம்முத்திரை அவன்மேல் விழக்கூடும். சின்னம் பறிக்கப்படலாம், பதவி இறக்கப்படலாம். இம்முத்திரைக்கு அஞ்சிப் பலர் தங்கள் நடுக்கத்தை மறைத்துக்கொண்டு பறந்தனர். மறைக்கப்பட்ட அச்சம் மறைந்து போவதில்லை. கை தவறும் வேளையில் அது வெளிப்படுகிறது. தன்னோடு பறக்கும் மற்றவர்களின் உயிரையும் அது பணயம் வைக்கிறது.

இதே போர்க்காலத்தில் நம் நாட்டில் மற்றொரு முயற்சி தொடங்கியது. 1943ஆம் ஆண்டில் டேராடூனில் ஒரு பரிசோதனைக் குழு அமைந்தது. குடும்பப் பெருமையையும் சிபாரிசையும் கொண்டு அதிகாரிகளைப் பொறுக்குவதை விட்டு, மனோதத்துவ முறைப்படி தேர்ந்தெடுக்க அது வழி வகுத்தது. இன்று டில்லியில் இயங்கும் பாதுகாப்பு மனோதத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் வேர் அதுவே. விமானிகளுக்கென்று தனியே ஒரு திறமைச் சோதனையும் பின்னர் வழக்கில் இருந்தது. அதில் இளைஞன் கைப்பிடியாலும் கால் மிதிகளாலும் ஓர் ஒளிப்புள்ளியைச் சட்டத்துக்குள் நிறுத்திவைக்க வேண்டும். அதே வேளையில் விளக்கு எரிந்தாலும் மணி ஒலித்தாலும் உடனே அவற்றை அணைக்க வேண்டும். கண், காது, கை, கால் நான்கும் ஒருங்கே உழைக்கும்போது மனம் சிதறுகிறதா என்பதே இங்கு ஆராயப்பட்டது. பின்னாளில் கணிப்பொறி வழியான சோதனை இதன் இடத்தைப் பிடித்தது. இரண்டுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு: வாழ்நாளில் ஒருமுறைதான் இதை எழுத முடியும். தவறினால் மறுவாய்ப்பு இல்லை. அவ்விதியே இளைஞனின் மனத்தில் பெரும் பாரமாக அமர்ந்துவிடுகிறது.

பதற்றம் முழுவதும் தீமை என்று கருதுவதும் சரியன்று. 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவில் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், கடினமான வேலைக்கு மிதமான தூண்டுதலே நல்ல பயன் தருகிறது என்றும், தூண்டுதல் அளவு மீறினால் கற்றல் கெடுகிறது என்றும் கண்டனர். பின்வந்த மனோதத்துவ அறிஞர்கள் இதை மனிதருக்கும் விரித்துப் பார்த்தனர். அச்சமே இல்லாத மாணவன் கருவிகளைப் பார்க்க மறக்கிறான். அச்சம் மிகுந்த மாணவன் ஒரே கருவியை வெறித்துப் பார்த்து மற்றவற்றை மறக்கிறான். இவ்விருவருக்கும் நடுவே மாணவனை நிறுத்துவதே ஆசிரியரின் கலை.

அக்கலையைக் கற்பிக்கவே 1948ஆம் ஆண்டில் அம்பாலாவில் விமானப் பயிற்சி ஆசிரியர் பள்ளி தொடங்கப்பட்டது. 1954ஆம் ஆண்டில் அது தாம்பரத்துக்கு வந்தது. நன்றாகப் பறப்பவரெல்லாம் நன்றாகக் கற்பிப்பவராகிவிட மாட்டார் என்ற உண்மையை ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இப்பள்ளி. மாணவனின் கை கட்டுப்பாட்டுப் பிடியை இறுக்கிப் பற்றுவதைக் கண்டு, அவன் வாய் திறவாமலேயே அவன் உள்ளத்தை அறியும் ஆசிரியரே மாணவனுக்குத் துணை.

உடலின் பங்கை இனிப் பார்ப்போம். 1957ஆம் ஆண்டில் பெங்களூரில் விமான மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. இன்று அது விண்வெளி மருத்துவத்தையும் தன்னுள் அடக்கிய நிலையமாக விளங்குகிறது. விமானம் விரைந்து திரும்பும்போது விமானியின் எடை பல மடங்காகிறது. ஒவ்வொரு மடங்கு கூடும்போதும் கண்களின் மட்டத்தில் ரத்த அழுத்தம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைகிறது. ஐந்து மடங்கை நெருங்கும்போது, பழக்கமில்லாதவனுக்கு முதலில் நிறங்கள் மங்கி, பின்னர் பார்வை இருண்டு, இறுதியில் நினைவும் தப்பலாம். காலையும் வயிற்றையும் இறுக்கும் தனி உடையும், தசைகளை முறுக்கி மூச்சை அடக்கி விடும் ஒரு முறையும் இதற்கு மாற்று. தொடையும் வயிறும் வலுப்பெற்றவனால்தான் அம்முறையைத் தளராமல் செய்ய முடியும். விமானிக்குத் தேகப்பயிற்சி அழகுக்காக அன்று, நினைவைக் காப்பதற்காக என்பது இதனால் விளங்கும். நெடுந்தூரம் ஓடினால் மட்டும் போதும் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

உடலும் உள்ளமும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு மூச்சே சிறந்த சான்று. உயரத்தில் பிராணவாயு குறைந்தால் விரல்நுனி மரத்து, தலை சுற்றி, அறிவு மயங்குகிறது. பதற்றத்தால் ஒருவன் அளவுக்கு மீறி விரைந்து மூச்சுவிட்டாலும் ஏறக்குறைய அதே குறிகள் தோன்றுகின்றன. முன்னது காற்றின் குறை. பின்னது கலக்கத்தின் விளைவு. வானில் இருக்கும் மாணவன் எது எதுவென்று பிரித்தறியாவிடில் இரட்டை ஆபத்து. இதனால், காற்றழுத்தத்தைக் குறைத்த அறையொன்றில் அவனைத் தரையிலேயே அமர்த்தி, பிராணவாயுக் குறைவின்போது தன் உடலில் தோன்றும் குறிகளை அவனே நேரில் கண்டறியும்படி செய்கிறார்கள். தன் உடலின் மொழியை முன்பே படித்தவன் மேலே சென்று திகைப்பதில்லை.

வான்மயக்கம் என்று சொல்லத்தக்க குமட்டலும் அத்தகையதே. முதல் சில பறத்தல்களில் வாந்தி எடுக்கும் மாணவர்கள் உண்டு. மீண்டும் வருமோ என்ற கவலையே அதை மீண்டும் வரவழைக்கிறது. அது வந்ததும் கவலை பெருகுகிறது. முற்காலத்தில் அத்தகையோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பர். பெங்களூர் மருத்துவர்களோ அவர்களைச் சுழல் நாற்காலியில் அமர்த்தி, நாளுக்கு நாள் சுழற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டி, அதனிடையே தசையையும் மூச்சையும் தளர்த்தக் கற்பித்துப் பழக்குகிறார்கள். அவ்வாறு தேறியவர்கள் மீண்டும் பறக்கச் செல்கிறார்கள். ஸ்மித்-பாரி காஸ்போர்ட்டில் சுழற்சிக்குக் கண்ட மருந்தும் இதுதான்: அஞ்சும் பொருளை, அளவோடு, துணையோடு, மீண்டும் மீண்டும் சந்திப்பது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அச்சம் எழும்போதெல்லாம் குறை மாணவனிடமே இருக்கிறது என்று கொள்ளலாகாது. 1980களில் நம் விமானப்படையில் சேர்ந்த எச்.பி.டி.-32 என்னும் பயிற்சி விமானம், வானில் எஞ்சின் நின்றுபோகும் குறையால் பெயர் கெட்டது. 17 விபத்துகளில் 19 விமானிகள் உயிரிழந்தபின், 2009ஆம் ஆண்டு ஜூலையில் அது முழுவதும் நிறுத்தப்பட்டது. அதன் இடத்துக்கு வேறு விமானம் வந்துசேர 2013ஆம் ஆண்டாயிற்று. அந்த விமானத்தில் ஏற அஞ்சிய மாணவன் ஒருவன் இருந்திருப்பானாயின், அவனைக் கோழை என்று எவரேனும் சொல்ல முடியுமா? அஞ்சத் தக்கதை அறிந்து அஞ்சுவதை நம் முன்னோர் அறிவின் பாற்படுத்தியது நேயர்கள் அறிந்ததே. மாணவன் தன் அச்சத்தை வாய்விட்டுச் சொல்லக்கூடிய சூழ்நிலை இருந்தால், அது சில வேளைகளில் யந்திரத்தின் நோயையும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

விண்வெளிக்குச் செல்வோரும் இவ்வழியே வந்தவர்கள்தாம். 1984ஆம் ஆண்டு ஏப்ரலில் விண்வெளி சென்ற ராகேஷ் சர்மா பெங்களூர் நிலையத்தின் சோதனைகளைக் கடந்தவர். விண்கலத்திலும் யோகாசனப் பயிற்சி செய்து பார்த்தவர். ககன்யான் திட்டத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரின் பெயர்கள் 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் தேதி வெளியாயின. நால்வரும் விமானப்படை விமானிகள். அவர்களுள் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். மற்றொருவரான சுபான்ஷு சுக்லா 2025ஆம் ஆண்டு ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்று, அடுத்த மாதம் திரும்பினார். இவர்கள் அச்சமே அறியாதவர்கள் என்று செய்தித்தாள்கள் புகழலாம். ஆனால் இவர்கள் பெற்ற பயிற்சியின் பெரும்பகுதி, பிழை நேரிடும் வேளையில் என்ன செய்வது என்பதைப் பற்றியதே.

ஆகவே, பிற மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். பிள்ளையோ பெண்ணோ விமானப்படைக்குச் செல்ல விரும்பினால் — 1994 முதல் பெண்களும் அங்கே விமானிகளாகியுள்ளனர். 2016 முதல் போர் விமானமும் ஓட்டுகின்றனர் — முதலில் கண்ணையும் கால் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொருந்தாத அளவுக்காக ஆண்டுகளை இழக்க வேண்டாம். ஓட்டத்தோடு தொடைக்கும் வயிற்றுக்கும் வலுவூட்டும் பயிற்சியைச் சேருங்கள். பயிற்சிக்குச் சென்றபின் கடிதத்திலோ தொலைபேசியிலோ பேசும்போது, ‘நன்றாக இருக்கிறாயா?’ என்பதோடு நிறுத்தாமல், ‘எது கடினமாக இருக்கிறது?’ என்றும் கேளுங்கள். முதற் கேள்விக்கு ஆம் என்ற ஒரு சொல்லே விடையாக வரும். இரண்டாவது கேள்விக்கு அவன் வாய் திறந்தால், அதைத் தன் ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் சொல்லும் துணிவு அவனுக்குப் பிறக்கும்.

வாய்ப்புத் தவறித் திரும்பி வந்தால், ஊரார் முன்னிலையில் அவனைக் குறுகச் செய்யாதீர்கள். கிரான்வெல்லிலிருந்து திரும்பிய அறுவருள் ஐவர் விமானத்தில் ஏறினர். ஆறாமவர் தரையில் நின்று, அவர்கள் பறப்பதற்கு வேண்டிய தளவாடங்களைக் கவனித்தார். இந்திய விமானப்படையின் முதல் ஏட்டில் அந்த ஆறு பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன.